கடாரத்து ராஜாவுக்குக் கனமில்லாத கவசம்

மாறுவேடப் போட்டி என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டால் போதும், அன்றிரவே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். என்ன வேடம் போடுவது? யார் தைத்துக் கொடுப்பது? எவ்வளவு வெள்ளி பிடிக்கும்? பாலர் பள்ளி ஆண்டு விழா, ஆகஸ்டு 31 சுதந்திர தினம், அக்டோபர் மாதச் சிறுவர் தினம், பொங்கல் ஒன்றுகூடல் என்று வருடத்தில் ஒரு முறையாவது இந்தக் கேள்வி நம் வாசற்படி ஏறி வருகிறது.

வழக்கமாக நாம் என்ன செய்கிறோம்? தடித்த அட்டைப்பெட்டியை வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டி, கம்பியால் கட்டிப் பிள்ளையின் கழுத்தில் மாட்டுகிறோம். அல்லது பட்டணத்தில் வாடகைக்கு ஒரு வெல்வெட் அங்கி எடுக்கிறோம். அதன் கிரீடம் பெரியவர் தலைக்குச் செய்தது. மேடை ஏறிய பிள்ளையின் கண்ணை அந்தக் கிரீடம் மறைக்கிறது. கழுத்தில் கம்பி குத்துகிறது. மனப்பாடம் செய்து வைத்திருந்த நான்கு வரியும் வியர்வையோடு வழிந்து போய்விடுகிறது. சபையோர் கை தட்டுகிறார்கள். பிள்ளை மட்டும் அழுதுகொண்டே இறங்கி வருகிறது.

தாய்மார்களே, தந்தையரே! வேடம் என்பது பிள்ளைக்கு ஒரு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். சுமையாக இருக்கக் கூடாது. அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும் எடையில், கையில் இருக்கும் பொருளைக் கொண்டு, ஓர் அரசனுக்குரிய கவசத்தையே செய்துவிடலாம். அதற்காக உங்களை ஒரு சிறு பயணம் அழைத்துப் போகிறேன். முதலில் மெர்போக், அடுத்துச் சுங்கைப் பட்டாணிக் கடைத்தெரு, முடிவில் உங்கள் வீட்டுத் தாழ்வாரம். வாருங்கள், புறப்படுவோம்.

மெர்போக் பக்கம் ஒரு நடை

வேடம் செய்வதற்கு மெர்போக்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். யார் வேடம் என்று முடிவு செய்யத்தான் அங்கே போகிறோம். இன்றைய பிள்ளைகளைக் கேட்டால், சிலந்தி மனிதன் என்றும் இரும்பு மனிதன் என்றும் சொல்வார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த வேடத்தையும் இதே முறையில் செய்யலாம். ஆனால் தாம் பிறந்த மண்ணிலேயே எத்தனை ராஜாக்கள் இருந்தார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங் வழியாக மெர்போக் சாலையில் போனால், கூடவே வருவது குனோங் ஜெராய். 1,217 மீட்டர் உயரம். அந்தக் காலத்தில் வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்கு இந்த மலைதான் கலங்கரை விளக்கம். மலையடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பகாட் என்ற இடத்தில், 1980ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தொல்பொருள் காட்சியகம் இருக்கிறது. அதன் அருகே ஓடும் சிற்றாற்றின் பக்கத்தில் ஒரு பழங்கோயிலின் கல் அடித்தளத்தைக் காணலாம். 1930களில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அதைத் தோண்டி ஆராய்ந்தார். 1960ஆம் ஆண்டளவில் அதன் கற்கள் மீண்டும் வரிசைப்படுத்திக் கட்டப்பட்டன.

இந்த வட்டாரத்தைத்தான் நம் முன்னோர் கடாரம் என்று அழைத்தார்கள். 1006ஆம் ஆண்டளவில், முதலாம் இராஜராஜ சோழன் காலத்தில், கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் அரசனான ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரத்தைக் கட்டி முடித்தான். சோழ மன்னன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே மானியமாகக் கொடுத்தான். செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. 1025ஆம் ஆண்டளவில், இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் கடல்மேல் கப்பல்களை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கினான். கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. 'கடாரம் கொண்டான்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பார்த்தீர்களா? தந்தை காலத்தில் நட்பு, மகன் காலத்தில் போர். நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் போரைப் பற்றித்தான் சொல்கிறோம். கடாரம் கொண்ட இராஜேந்திரன் வேடம் நல்ல வேடம்தான். ஆனால் நாகப்பட்டினத்தில் விகாரம் கட்டிய கடாரத்து ராஜாவின் வேடம் இன்னும் புதியது. மலாய்க்கார நண்பனும் சீன நண்பனும் முன் வரிசையில் அமர்ந்திருக்கும் சபையில், "நான் கடாரத்து ராஜா. என் விகாரம் உங்கள் தாத்தாவின் ஊரில் இருந்தது" என்று ஒரு பிள்ளை சொன்னால், எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு அல்லவா?

வேறு வேடங்களும் இந்த மண்ணில் உண்டு. பாலிங் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கோரைப்பல் ராஜாவின் கதை தெரிந்திருக்கும். ராஜா பெர்சியோங் என்பார்கள். சமையற்காரி விரலை வெட்டிக்கொள்ள, கீரையில் விழுந்த இரத்தத்தின் சுவைக்கு அடிமையாகிக் கோரைப்பல் முளைத்த அரசன் அவன். அவன் தன் பல்லைப் பிடுங்கி எறிந்த இடம்தான் பாலிங் என்று ஊரார் சொல்வார்கள். மலாயில் 'பாலிங்' என்றால் எறிதல். துங்கு அப்துல் ரஹ்மான் எழுதிய கதையைக் கொண்டு 1968இல் இது திரைப்படமாகவும் வந்தது. மேரோங் மகாவங்சா கதையில் வரும் கருடனும் உண்டு. இவை எல்லாவற்றையும்விடக் குறைந்த செலவில் ஆகும் வேடம் ஒன்று இருக்கிறது. நெற்றியில் விளக்கு, கையில் வாளி, உளிக்கத்தி. அதுதான் பால்மரம் சீவிய நம் பாட்டியின் வேடம். அதற்குச் செலவு கொஞ்சம், சொல்லக் கதை ஏராளம்.

இந்தக் கதைகளை இப்போதே சொல்லி வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் உண்டு. 2013ஆம் ஆண்டில், இதே பள்ளத்தாக்கில், பதினோராம் எண் கொண்ட பழங்கோயில் ஒன்று நில மேம்பாட்டுக்காக இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளியே வந்தபோது கல் போய்விட்டது. கல்லே போகும் என்றால், வாய்ச்சொல்லாக இருக்கும் கதை போவதற்கு எவ்வளவு நேரமாகும்?

பாரமில்லாமல் செய்வது நமக்குப் புதிதல்ல

புக்கிட் பத்து பகாட் கோயிலை விட்டுக் கிளம்புமுன் ஒன்றைக் கவனியுங்கள். அடித்தளம் கனமான கல். மேலே கூரை இல்லை. தூண்கள் நின்ற கல் ஆதாரங்கள் மட்டும் இருக்கின்றன. மேற்கூரை மரத்தாலோ ஓலை போன்ற இலேசான பொருளாலோ ஆனது, அதனால் அழிந்துவிட்டது என்பது ஆய்வாளர் கருத்து. கனம் கீழே, இலேசு மேலே. பிள்ளையின் வேடத்துக்கும் இதுவே சட்டம். எடை இடுப்பிலும் தோளிலும் இருக்கலாம். தலையில் இருக்கக் கூடாது.

நம் கலைஞர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் திரையை விலக்கியதும் துரியோதனன் வந்து நிற்கிறானே, அவன் கிரீடமும் புஜக்கட்டையும் பார்ப்பதற்குப் பொன்னும் மணியுமாக ஜொலிக்கும். உள்ளே இருப்பது கல்யாண முருங்கை போன்ற இலேசான மரம். மேலே ஒட்டியது கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும். இல்லாவிட்டால் விடிய விடிய ஆட முடியுமா? தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரையும் அப்படித்தான். குதிரை உடம்பு முழுவதும் மெல்லிய சட்டமும் துணியும் காகிதக் கூழும்தான். அந்தக் கூட்டை ஆட்டக்காரர் தோளிலிருந்து தொங்கவிட்டு இடுப்பில் நிறுத்திக்கொள்கிறார்.

இன்னொன்று சொன்னால் வியப்பீர்கள். அந்தக் காலத்தில் பெரட்டுக் களத்தில் துரை தலையில் வைத்துக்கொண்டு நின்ற வெள்ளைத் தொப்பியை உங்கள் தாத்தாமார் பார்த்திருப்பார்கள். இரும்புச் சட்டி போலத் தோன்றும் அந்தத் தொப்பி, உண்மையில் நெட்டியால் செய்தது. நீர்நிலைகளில் வளரும் ஒரு செடியின் தண்டுக்குள் இருக்கும் வெண்மையான சோறுதான் நெட்டி. அதை விரலால் அழுத்தினால் அமுங்கும், ஊதினால் பறக்கும். வெயிலைத் தடுக்க அதைவிட நல்ல பொருள் அப்போது கிடையாது. அதே நெட்டியைத் தஞ்சை வட்டாரத்தில் மாட்டுப் பொங்கலுக்கு மாலையாகக் கோத்து மாட்டுக்குப் போட்டார்கள். பெரிய கோயிலின் சிறு உருவங்களாகவும் செதுக்கினார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. துரை தொப்பிக்கும் மாட்டு மாலைக்கும் ஒரே செடி!

தைப்பூசத்தன்று சுங்கைப் பட்டாணியில் முருகன் கோயிலுக்கு வரும் காவடிகளைக் கூர்ந்து பாருங்கள். அகலமும் உயரமுமாக மயில் தோகை விரிக்கும் காவடிகளில் பலவற்றுக்கு இன்று சட்டம் அலுமினியம், அலங்காரம் நுரைப் பொருள். எடை தோள் பட்டையிலும் இடுப்புக் கச்சையிலும் இறங்குகிறது. பக்தர் நடந்தும் ஆடியும் வர முடிவது அதனால்தான். காவடி கட்டும் அண்ணன்மார் உங்கள் ஊரில் இருந்தால், அவர்களே உங்களுக்குச் சிறந்த ஆசிரியர்கள்.

சுங்கைப் பட்டாணிக் கடைத்தெருவில்

இப்போது பட்டணத்துக்கு வந்துவிட்டோம். 1936இல் லிம் லீன் தெங் என்ற தோட்ட அதிபர் கட்டிக்கொடுத்த மணிக்கூண்டைத் தாண்டி, ஐந்தடி ஓரமாக நடந்து போவோம். என்ன வாங்குவது?

நுரை ரப்பர் என்று கேட்டால் மூன்று விதமான பொருளைக் காட்டுவார்கள். வித்தியாசம் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதலாவது, மெத்தைக்கும் நாற்காலிக்கும் வைக்கும் பஞ்சு போன்ற ஸ்பாஞ்சு. இது மிக இலேசு. ஆனால் உருவம் நிற்காது. கோமாளி வயிற்றுக்கும் சிங்கத்தின் பிடரிக்கும் பொருந்தும். கவசத்துக்கு உள்ளே, தோளில் மெத்தையாகவும் வைக்கலாம்.

இரண்டாவது, சாப்பாட்டுப் பெட்டி செய்யும் வெள்ளைப் போலிஸ்டைரின். இது மிக மலிவு. ஆனால் உடைந்து பொடியாகும். தெளிக்கும் வண்ணம் பட்டால் கரைந்து குழி விழும்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. குழந்தைகள் விளையாடுவதற்கு ஏ, பி, சி எழுத்துப் போட்டு, ஒன்றோடொன்று கோத்துத் தரையில் விரிக்கிறார்களே, அந்தத் துண்டுப் பாய். ஈவிஏ என்பது அதன் பெயர். வீட்டுச் செருப்பின் அடிப்பாகமும் பெரும்பாலும் அதுதான். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். வியர்வை உள்ளே இறங்காது. சூடு காட்டினால் நாம் சொன்ன உருவத்துக்கு வரும். மெல்லிய இரண்டு மில்லிமீட்டர் தாள்களாக எழுதுபொருள் கடையிலும் வண்ண வண்ணமாகக் கிடைக்கும்.

பால்மரத்து மக்களாகிய நமக்கு நுரை ரப்பர் என்ற சொல்லே சொந்தமானது. 1929இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில், டன்லப் நிறுவனத்து ஆய்வாளர் மர்ஃபி, மரத்திலிருந்து இறக்கிய ரப்பர் பாலைக் காற்றோடு சேர்த்து அடித்து நுரையாக்கி, அச்சில் ஊற்றி வேகவைத்து, முதல் நுரை ரப்பரைச் செய்தார். நம்மவர் விடியற்காலையில் சீவி, வாளியில் சுமந்த பால் அப்படித்தான் மெத்தையும் தலையணையும் ஆனது. இன்று நாம் வாங்கும் துண்டுப் பாய் மரப்பாலில் செய்தது அல்ல. எண்ணெயிலிருந்து பிரித்த பொருளில் செய்தது. ஆனால் பாலுக்குள் காற்றைப் புகுத்திக் கனத்தைக் குறைக்கும் சூத்திரம் ஒன்றேதான்.

எடைக் கணக்கையும் பார்ப்போம். ஏழு வயதுப் பிள்ளைக்கு மார்பு, முதுகு, தோள், தலைக்கவசம், கைக்காப்பு, இடுப்புப் பட்டை எல்லாம் சேர்த்துச் சுமார் 3,800 சதுர சென்டிமீட்டர் போதும். 60 சென்டிமீட்டர் சதுரப் பாய் இரண்டு வாங்கினால், வெட்டி வீணாவது போக மிச்சமும் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் தடிப்பென்றால், 3,800 கன சென்டிமீட்டர். அவ்வளவு தண்ணீர் என்றால் 3,800 கிராம் நிற்கும். இந்தப் பாய் தண்ணீரின் கனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆகவே 400 கிராமுக்குள் அடங்கிவிடும். பசை, வண்ணம், துணிப்பட்டை சேர்ந்தாலும் அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அரை சென்டிமீட்டர்ப் பாய் கிடைத்தால் இன்னும் பாதி.

புதுப் பாயை வாங்கியதும் உடனே வெட்ட வேண்டாம். உறையைப் பிரித்துச் சில நாள் காற்றாட விடுங்கள். இத்தகைய பாய்களிலிருந்து ஃபார்மமைடு என்ற வேதிப்பொருள் வெளிவருகிறது என்று 2010இல் பெல்ஜியம் நாடு அவற்றைச் சந்தையிலிருந்தே விலக்கியது. கடுமையான வாடை வீசும் பாயை வாங்காமல் விடுவதே நல்லது.

வெட்டி ஒட்டும் முறை

அளவெடுப்பதில் அவசரம் கூடாது. தோளிலிருந்து தோள், மார்புச் சுற்று, கழுத்தடியிலிருந்து இடுப்பு, தலைச் சுற்று ஆகிய நான்கும் வேண்டும். பிள்ளையின் பழைய பனியனைப் பத்திரிகைத் தாள்மேல் விரித்து, அதைச் சுற்றிக் கோடு போட்டால் மார்புக்கும் முதுகுக்கும் மாதிரி கிடைத்துவிடும். அந்தத் தாளை முதலில் பிள்ளைமேல் வைத்துப் பாருங்கள். குனியச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள். தாள் எங்கே கிழிகிறதோ, கவசம் அங்கேதான் குத்தும். அந்த இடத்தைக் குறைத்துவிடுங்கள்.

வெட்டுவது பெரியவர் வேலை. புதுக் கத்தி போட்டு, நெட்டாக, ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். ரம்பம் போல அறுத்தால் ஓரம் பல் பல்லாகிவிடும். நான்கைந்து இழுப்புக்கு ஒரு முறை கத்தி நுனியை ஒடித்துப் புதுக் கூர் எடுங்கள். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும்.

மூலை திரும்ப வேண்டிய இடத்தில் இரண்டு ஓரத்தையும் சரிவாகச் சீவி ஒட்டினால், பெட்டி மூலை போல நிற்கும். மடிக்க வேண்டிய இடத்தில், உட்புறமாக ஒரு சிறு வாய்க்கால் சீவிவிட்டு மடியுங்கள். வெளியே வெட்டு தெரியாது.

மார்புக்கு வளைவு வேண்டுமே? முடி உலர்த்தும் எந்திரத்தின் சூடான காற்றை நன்றாகக் காட்டுங்கள். பாய் இளகியதும், கவிழ்த்து வைத்த பானைமேல் அழுத்திப் பிடித்து ஆறவிடுங்கள். ஆறிய பிறகு அந்த வளைவு அப்படியே நிற்கும். அடுப்புத் தீயில் காட்டவே கூடாது.

தலைக்கவசத்துக்கு ஆரஞ்சுச் சுளையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் அகலமும் நுனியில் கூரும் உள்ள ஆறு இதழ்களை வெட்டி ஓரங்களை ஒட்டினால் கிண்ணம் போன்ற தலைக்கவசம் வந்துவிடும். அதைக் காதுக்கு மேலே நிறுத்துங்கள். காது மூடினால், ஆசிரியை பெயர் சொல்லி அழைப்பது பிள்ளைக்குக் கேட்காது. கோரைப்பல் ராஜாவென்றால், பல்லை வாய்க்குள் வைக்காமல் தாடைப் பட்டையில் ஒட்டுங்கள். கருடன் என்றால், இறக்கையின் பாரம் முதுகுப் பக்கம் இழுக்கும். மார்பில் குறுக்கும் நெடுக்குமாகத் துணிப்பட்டை போட்டு இடுப்பில் கட்டுங்கள்.

பசைக்குச் செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் மஞ்சள் பசையே சிறந்தது. இரண்டு ஓரத்திலும் மெல்லப் பூசிப் பத்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்த வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் சேர்த்தால் நிற்காது. ஒட்டிய பிறகு பிரித்துச் சரிசெய்யவும் முடியாது. உருக்கி ஒட்டும் குச்சிப் பசை சுலபமானதுதான். ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் இளகி விட்டுவிடும்.

வண்ணம் பூசுமுன் வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மூன்று தடவை பூசிக் காயவிடுங்கள். அப்போதுதான் வண்ணத்தைப் பாய் குடித்துவிடாது, வளைத்தாலும் எளிதில் வெடிக்காது. பிறகு பள்ளியில் பயன்படுத்தும் அக்ரிலிக் வண்ணமே போதும். முதலில் கறுப்பு, காய்ந்தபின் பழந்துணியில் கொஞ்சம் தங்க நிறம் தொட்டு மேடான இடங்களில் மட்டும் தேய்த்தால், பழைய வெண்கலம் போலத் தோன்றும். மெல்லிய தாளில் பூவும் யாளியும் வெட்டி ஒட்டலாம். இந்த வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். கோடு கோணலாகப் போனால் போகட்டும். தன் கையால் பூசிய கவசத்தைப் பிள்ளை மேடையில் நிமிர்ந்து போட்டுக்கொள்ளும்.

மார்பையும் முதுகையும் ஒன்றாக ஒட்டிவிடாதீர்கள். தோளில் துணிப்பட்டை, விலாவில் ஒட்டி உரிக்கும் பட்டை. இரண்டே இழுப்பில் கழன்று வர வேண்டும். கழிவறைக்குப் போக வேண்டிய ராஜாவுக்கு அவசரம் அதிகம்! வாளும் அதே பாய்தான். உள்ளே மரமோ கம்பியோ வேண்டாம்.

மூச்சும் வெயிலும் நெருப்பும்

இனி நான் சொல்வதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

மஞ்சள் பசையின் வாடையில் தொலுவீன் போன்ற கரைப்பான்கள் உண்டு. சுவாசித்தால் தலை சுற்றும்; தொடர்ந்து சுவாசித்தால் மூளையையே கெடுக்கும். இந்த வாடைக்கு அடிமையாகிக் கெட்டுப்போன இளைஞர்களைப் பற்றி நம் ஊர்களில் கேள்விப்படாதவர் யார்? ஆகவே தாழ்வாரத்தில், காற்றோட்டத்தில், பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் டின்னை மூடிப் பூட்டி வையுங்கள்.

நம் வடபகுதி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. காற்றுப் புகாத பாயை உடம்பு முழுதும் சுற்றினால் வியர்வை எங்கே போய் ஆறும்? கவசத்துக்கு உள்ளே பருத்திப் பனியன் மட்டும் போடுங்கள். அக்குள் பக்கம் முழுக்கத் திறந்திருக்கட்டும். முகத்தை மூடும் முகமூடி வேண்டாம். வண்ணம் தீட்டினால் போதும். பிள்ளையின் முறை வருவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்பு மாட்டி, இறங்கியதும் கழற்றிவிடுங்கள். தண்ணீர் கொடுங்கள். ராஜா வேடம் போட்ட சந்தோஷத்தில் பிள்ளை வாய் திறந்து சொல்லாது. முகம் சிவந்தால் நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

நுரைப் பொருள் தீப்பற்றும். உருகித் தோலில் ஒட்டும். தீபாவளிக்கு இந்த வேடத்தோடு மத்தாப்புக் கொளுத்த அனுமதிக்காதீர்கள். சாமி விளக்கு, கற்பூரத் தட்டு அருகிலும் விடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். இருபது கிலோ பிள்ளைக்கு மொத்த வேடமும் ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. தலையில் இருப்பது 200 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உட்புறமாகச் சீவிக் குறையுங்கள். "பாட்டி, இது கனக்குமா?" என்று பேரன் கேட்டால், "நீயே தூக்கிப் பாரு ராசா" என்று அவன் கையில் கொடுங்கள். ஒரு விரலில் தூக்கி அவன் சிரித்தால், உங்கள் வேலை முடிந்தது.

மேடையில் பேசப்போவது கவசம் அல்ல

போட்டியில் நடுவர்கள் பார்ப்பது உடையை மட்டுமல்ல; அந்த இரண்டு நிமிடப் பேச்சையும்தான். கவசம் காயும் நேரத்தில் பேச்சைத் தயார் செய்யுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கச் சொல்லாமல், கதையைச் சொல்லிவிட்டு, "இப்போது நீதான் ராஜா, உன் ஊரைப் பற்றிச் சொல்" என்று கேளுங்கள். பால்மரம் சீவிய பாட்டியின் வேடம் என்றால், ஏன் விடியுமுன் எழுந்து போனார்கள் என்று சொல்லிக் கொடுங்கள். இரவின் குளிர்ச்சியில் மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் சீவினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளை மேடையில் இதைச் சொன்னால், சபையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் கண் கலங்காமல் இருப்பார்களா?

நம்மில் பலர் இன்று தோட்டத்தில் இல்லை. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்தது. எத்தனையோ தமிழ்ப் பள்ளிகள் பட்டணத்துக்கு இடம் மாறிவிட்ட பின்னும் 'லாடாங்' என்ற சொல்லைப் பெயரில் சுமந்துகொண்டு நிற்கின்றன. அந்தச் சொல்லுக்கு உள்ளே என்ன இருந்தது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பசை காயும் பத்து நிமிடம் அவர்களுக்குப் போதும்.

வேடம் முடிந்ததும் கவசத்தை மடித்து நசுக்காமல், உள்ளே தாளைத் திணித்து, நிழலில் தொங்கவிடுங்கள். அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தும். தோள் பட்டையை இரண்டு அங்குலம் விட்டுத் தைத்திருந்தால் அதற்கடுத்த ஆண்டும் பொருந்தும். ஒரே கவசத்தைப் போட்டு ஒரு வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ராஜாவாகலாம். பணம் இல்லை என்ற காரணத்தால் ஒரு பிள்ளைகூட மேடையின் கீழே நின்று வேடிக்கை பார்க்கும் நிலை வரக் கூடாது.

வரும் விடுமுறையில் ஒரு நாள் பிள்ளைகளை மெர்போக் அழைத்துப் போங்கள். வரும் வழியில் சுங்கைப் பட்டாணியில் இரண்டு துண்டுப் பாய் வாங்குங்கள். மற்றதை உங்கள் கையும் பிள்ளையின் கற்பனையும் பார்த்துக்கொள்ளும்.